பூவாட்டம்

ஜனவரி 17, புதன்

மாடித் தொட்டியின் மிதவை வால்வு மறுபடியும் கெட்டுவிட்டது. காலையில் தண்ணீர் வழிந்து தங்கை சுலோசனாவின் துளசிச் செடி மூழ்கியது. பொங்கலுக்குப் போன பிளம்பர் இன்னும் திரும்பவில்லை. பெங்களூரில் இத்தனை வருடம் விமான இறக்கை வரைந்தவருக்கு ஒரு வால்வு மாட்டத் தெரியாதா என்று கேட்கிறாள். தெரியாது.

மாலையில் ஆகஸ்ட் பெயிண்ட் அறையிலிருந்து வெளியே வந்தது.

ஆகஸ்ட் என்பது ஒரு கார். சுலோசனாவின் வீட்டுக்காரர் கிட்டுசாமி பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறார். பழைய கார் என்றால் உயிரை விடுவார். ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறிய நான், சும்மா இருக்க முடியாமல், போன வருடத்துக் கம்பெனிக் காலண்டருக்குப் படம் வரைந்து கொடுத்தேன். உலக யுத்தத்துக்கு முன்னால் விமானம் வரைகிறவர்களைப் பிடித்துப் பந்தயக் கார் வரையச் சொல்லியிருந்தால் எப்படி வரைந்திருப்பார்கள் என்பதுதான் விஷயம். மாதத்துக்கு ஒரு கார். அத்தனையும் கற்பனை. எதுவும் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை, ஓட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பார்க்க அழகாக இருந்தால் போதும் என்றுதான் வரைந்தேன்.

ஆகஸ்ட் மாதப் படத்தைப் பார்த்ததும் கிட்டுசாமிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பழைய அமெரிக்கச் சேசிஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, எட்டு சிலிண்டர் என்ஜினைப் போட்டு, டிங்கர் சுப்புவை உட்காரவைத்து, அலுமினியத் தகட்டில் படத்தை அப்படியே அடித்து எடுத்துவிட்டார். சுப்பு அளவு கேட்டபோது நான்தான் கொடுத்தேன். பெங்களூரில் கை பழகிய வளைவு. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

வெள்ளி நிறம். மூக்கு நீண்டு கூம்பியிருக்கிறது. முதுகு ஒரே வீச்சாக எழுந்து வால்வரை இறங்குகிறது. மூக்கு கூம்புவதால் முன்சக்கரங்கள் நெருக்கமாகவும் பின்சக்கரங்கள் அகலமாகவும் நிற்கின்றன. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ‘வடிவமைப்பு: ஈஸ்வரமூர்த்தி’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார் கிட்டுசாமி. வேண்டாம் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். பெங்களூரில் என் கை பட்ட எந்த இறக்கையிலும் என் பெயர் கிடையாது.

ஜனவரி 20, சனி

ஊருக்குக் கிழக்கே ஒரு மில்காரர் அந்தக் காலத்தில் சொந்த விமானத்துக்காகப் போட்ட ஓடுபாதை இருக்கிறது. விமானம் எப்போதோ போய்விட்டது, பாதை மட்டும் கிடக்கிறது. இன்று அங்கே வெள்ளோட்டம். சுலோசனா தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

ஓட்டியது தாரிணி. தங்கையின் ஒரே மகள். பந்தயக் கார் ஓட்டுவதே தொழிலாகிவிட்டது. நான் அவளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள். ஊசியைப் பார்த்து அலறியவளிடம், “வலிக்காது கண்ணு, மாமன் சொல்றேன்ல” என்றேன். வலித்தது. அதை எப்போதோ மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

போய்த் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகமே மலர்ந்திருந்தது.

“மாமா, ஸ்டீயரிங் பூவாட்டம் இருக்குது. ஒத்தை விரல்ல திருப்பலாம்.”

கிட்டுசாமி அங்கேயே நின்று ஊரில் உள்ள கார்ப் பைத்தியங்களுக்கெல்லாம் போன் போட்டார். “பூவாட்டம் இருக்குதாமா! நம்ம மச்சான் வரைஞ்சதுங்க, வேற யாரு?” பிப்ரவரி 4ஆம் தேதி பழைய கார் சங்கத்தின் கண்காட்சி இதே ஓடுபாதையில் நடக்கப்போகிறது. அன்றைக்குக் கூட்டத்துக்கு முன்னால் தாரிணி ஆகஸ்ட்டை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுவாள் என்று அறிவித்தாகிவிட்டது.

எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஜனவரி 21, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூவாட்டம் என்பது நல்ல சொல்தான். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

தாரிணி காப்பி குடிக்க மாடிக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“ஸ்டீயரிங் எப்பவுமே அப்படித்தான் இருக்குதா கண்ணு?”

“இல்லீங் மாமா. நூறு வரைக்கும் சாதாரணமாத்தான் இருக்குது. அதுக்கு மேல போகப் போக லேசாவுது. நூத்தி இருபதுல கையில ஸ்டீயரிங் இருக்குதான்னே தெரியல.” சிரித்தாள். “அதுதான அழகே.”

விமானத்தை மேலே தூக்குவது என்ஜின் என்றுதான் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ஜின் முன்னால் தள்ளும், அவ்வளவே. தூக்குவது இறக்கையின் வடிவம். முதுகு வளைந்து, வயிறு தட்டையாக இருக்கிற ஒன்றைக் காற்றில் வேகமாகச் செலுத்தினால் அது எழும்பப் பார்க்கும். வேகம் கூடக் கூட இன்னும் மும்முரமாக எழும்பப் பார்க்கும்.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. டயரில் காற்று அதிகமாக இருந்திருக்கும். அதனாலும் ஸ்டீயரிங் லேசாகும். நாளைக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறதாம்.

சுப்பு காவடியோடு பழனிக்கு நடந்து போயிருக்கிறான். பட்டறையின் மற்ற ஆட்களும் அவனோடு போய்விட்டார்கள். தேர், தெப்பம் எல்லாம் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கண்காட்சி முடிந்துதான் வருவார்களாம். தகடு வேலை எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டிய தகடு வேலை எதுவும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய், ஆகஸ்ட்டின் மூக்குக்குள் இரண்டு மணல் மூட்டைகளை வைத்துக் கட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கிட்டுசாமி வந்து பார்த்துவிட்டார்.

“ஏனுங் மச்சான், வண்டியில வீடு கட்டப் போறீங்ளா?”

“பேலன்சுக்கு மாப்ள.”

நான் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

ஜனவரி 27, சனி

மார்கழியில் மிச்சமான கோலமாவு இருக்கிறதா என்று சுலோசனாவிடம் கேட்டேன். அண்ணனுக்கு இந்த வயதிலாவது பக்தி வந்ததே என்று ஒரு சம்படம் நிறையக் கொடுத்தாள். ஓடுபாதைக்குக் குறுக்கே மூன்று இடங்களில் பட்டையாகக் கோடு இழுத்தேன். தூரம் அளக்க என்று சொல்லிவைத்தேன். கணக்கு சுலபம். முன்சக்கரம் நெருக்கம், பின்சக்கரம் அகலம். எனவே ஒவ்வொரு கோட்டிலும் நாலு தடம் விழ வேண்டும். உள்ளே இரண்டு முன்சக்கரத்துடையவை, வெளியே இரண்டு பின்சக்கரத்துடையவை.

தாரிணி ஒரே ஒரு தடவை ஓட்டினாள், திரும்பும்போது கோடுகளைத் தொடாமல் ஓரமாக வந்தாள். நூற்று இருபதைத் தாண்டினாளாம். மணல் மூட்டைகளையும் மீறி அதே சிரிப்பு, அதே சொல்.

முதல் கோட்டில் நாலு தடம், அச்சாக. இரண்டாவதில் நாலு, ஆனால் உள்தடங்கள் இரண்டும் மெலிந்திருந்தன. மூன்றாவது கோடு, அவள் வேகம் உச்சத்தில் இருந்த இடம், கலைந்து கிடந்தது. காற்று. ஒன்றும் தெரியவில்லை. தாரிணியிடமும் அப்படியே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் ஷூவைக் கழற்றும்போது சுலோசனா பார்த்தாள்.

“ஏனுங்ணா, ஷூவெல்லாம் கோலமாவா இருக்குது?”

“காத்து.”

“காத்து ஷூவுக்கு அடியில பூந்தா அடிக்குமுங்?”

காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், அல்லது போடவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. நேற்றும் அப்படித்தான் இருந்தது.

ஜனவரி 31, புதன்

பிளம்பர் வந்து வால்வை மாற்றினான். தண்ணீர் நிற்கிறது.

கிட்டுசாமியிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். கூட்டம் அதிகமாக இருக்கும், குழந்தைகள் வரும், எதற்கு வம்பு, தாரிணி மெதுவாக ஒரு சுற்று வந்தால் போதாதா என்றேன்.

“மெதுவாப் போறதுக்கு நம்ம தோட்டத்துல டிராக்டரு நிக்குதுங்களே மச்சான்” என்றார். “பயப்படாதீங்க. உங்க பேரு போட்ட வண்டி. ஊரே பாக்கோணும்.” பேனர் அடிக்கக் கொடுத்த படத்தை போனில் காட்டினார். என் பெயர் அவருடைய பெயரைவிடப் பெரிதாக இருந்தது. மனிதர் சின்ன மனசுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தாரிணி வந்தாள். ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“மாமா, வண்டி சரியாத்தான இருக்குது?”

“ஏன், உனக்கு ஏதாவது தோணுதா?”

“எனக்கு ஒண்ணும் தோணல. எனக்கு ஓட்டத்தான தெரியும். உங்களக் கேக்கறேன். நூத்தி அறுவது வரைக்கும் போகலாம்னு அப்பா சொல்றாரு.”

“சரியாத்தான் இருக்குது கண்ணு” என்றேன்.

போய்விட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்து இன்னொரு தடவை கழுவினேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது கோட்டில் இரண்டு தடம்தான் இருந்தது. வெளித்தடங்கள் மட்டும். உள்ளே மாவு கலையாமல் அப்படியே கிடந்தது. அந்த இடத்தில் முன்சக்கரங்கள் தரையில் இல்லை. அவள் கையில் ஸ்டீயரிங் பூவாட்டம் இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும்? ஒற்றை விரல் போதும். யாரும் வருவதற்குள் காலால் தேய்த்து அழித்தவன் நான்தான்.

கார் வரையச் சொன்னார்கள். என் கை இறக்கையை வரைந்து கொடுத்துவிட்டது. படத்தில் அது யாரையும் ஒன்றும் செய்திருக்காது.

கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். நூற்று அறுபதுக்குப் போகும் முன்பே மூக்கு இன்னும் மேலே எழும்பும். எழும்பினால் கீழே காற்று புகுந்து வண்டியைத் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். உள்ளே என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண் இருப்பாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 3, சனி

சொல்லவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓடுபாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஜனங்கள். ஒரு பக்கம் பழைய மோரிஸ், ஆஸ்டின், பியட் எல்லாம் மாலை போட்டு நின்றன. மைக்கில் ஒரு பையன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் ஆகஸ்ட். இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், அதைவிட அழகான ஒன்றை நான் வரைந்ததில்லை.

தாரிணி உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்டாள். சுலோசனா தாம்பாளத்தோடு வந்தாள்.

“அண்ணா, தாய்மாமன் இருக்கறப்ப நான் எதுக்கு? பழத்த நீங்களே வெய்யிங்க.”

பின்சக்கரம் இரண்டுக்கும் வைத்தேன். முன்னால் வந்து மண்டியிட்டு இடது சக்கரத்துக்கு வைத்தேன். வலது சக்கரத்துக்கு வரும்போது கை நின்றுவிட்டது. கிளம்பும்போது இந்தச் சக்கரம் பழத்தை நசுக்கும். எல்லாரும் கை தட்டுவார்கள். பாதையின் பாதியில் வைத்தால் நசுக்காது. மேலே தாண்டிப் போய்விடும்.

“பழத்த வெய்யிங்ணா” என்றாள் சுலோசனா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அவள் பார்த்தது சக்கரத்தை அல்ல, என் ஷூவை.

எழுந்தேன். பழம் கையிலேயே இருந்தது.

“இந்த வண்டி ஓடக் கூடாது” என்றேன்.

மைக் பையன் என்னைத்தான் பேச அழைக்க வந்திருந்தான் போலிருக்கிறது. நான் சொன்னது ஓடுபாதை முழுக்கக் கேட்டது. கிட்டுசாமி ஓடி வந்தார்.

“மச்சான், மைக்கு ஓடிட்டிருக்குது.”

“ஓடட்டும். மாப்ள, வேகம் எடுத்தா இதோட முன்சக்கரம் தரையைத் தொடறதில்ல. வடிவம் தப்பு. நான் குடுத்த அளவு தப்பு. இவ நூத்தி அறுபது போனா வண்டி கவுந்துரும்.”

“பதட்டத்துல பேசறீங்க. அதான் மணல் மூட்டை வெச்சீங்களே.”

“வெச்சும் நிக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

யாரோ சிரித்தார்கள், ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்து. தாரிணி ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

“மூணாவது கோட்டுல எத்தன தடம் இருந்துச்சு?”

“ரெண்டு.”

“காத்துன்னு சொன்னீங்க.”

“காலால அழிச்சேன்.”

“புதன்கிழமை கேட்டேனே. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். கையுறைகளைக் கழற்றி சீட்டில் போட்டாள். இறங்கி என்னைத் தாண்டிப் போனாள். இத்தனை பேச்சிலும் ஒரு தடவைகூட மாமா என்று சொல்லவில்லை. அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

கிட்டுசாமி தானே ஏறி, நடக்கிற வேகத்தில் வண்டியைக் கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிப் போனார். ஜனங்கள் படம் பிடித்தார்கள், கை தட்டினார்கள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது பையில் அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. சுலோசனா எடுத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குக் கொண்டு போனாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கிட்டுசாமி என்னோடு பேசுவதில்லை. “மாடில இருக்கறவங்களுக்குக் காப்பி குடுத்தாச்சா?” என்று என் காதுபடக் கேட்கிறார். குடும்பத்துக்கு வந்த தலைக்குனிவு அவருக்குப் பெரிது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகள் செத்திருப்பாள் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்துக்கொண்டே இருக்கிறது.

தாரிணி பயிற்சி என்று சென்னைக்குப் போய்விட்டாள். போன் செய்தேன். எடுக்கவில்லை.

சுப்பு மொட்டைத் தலையோடு வந்து பழனிப் பஞ்சாமிர்தம் கொடுத்தான். மூக்கை வெட்ட வேண்டும் என்று சொன்னேன். முதலாளியைக் கேட்காமல் கத்திரி வைக்க மாட்டேன் என்றான். கீழேயிருந்து பதில் வந்தது: “என்னமோ பண்ணிக்கச் சொல்லு.”

பிப்ரவரி 14, புதன்

வெட்டியாகிவிட்டது. தகரம் வெட்டும் கத்திரி முதலில் இறங்கிய இடத்தை நான் பார்க்கவில்லை, பட்டறைக்கு வெளியே நின்றிருந்தேன். மூக்கைக் குட்டையாக்கிக் கீழே சாய்த்து, தரையை ஒட்டி உதடு மாதிரி ஒரு தகடு வைத்தோம். வாலில், இறக்கையைத் தலைகீழாகப் போட்ட மாதிரி ஒரு பலகை. தலைகீழாகப் போட்டால் அது தூக்காது, அமுக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அறுபத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

பார்க்க விகாரமாக இருக்கிறது. கிட்டுசாமி வந்து வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஆகஸ்ட்டாட்டம் இருந்துச்சு. இப்ப ஆடி மாசமாட்டம் இருக்குது” என்றார். பத்து நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

என் பெயரை அழித்துவிடு என்று சுப்புவிடம் சொன்னேன். தின்னரில் நனைத்த துணியோடு அவன் குனிந்தபோது கிட்டுசாமி கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இருக்கட்டும். இந்த அழகை யாரு பண்ணுனதுன்னு கேட்டா நான் எங்க போய்ப் பதில் சொல்றது?” கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி நின்றார். “மச்சான், நெஜமாவே கவுந்திருக்குமுங்களா?”

“கவுந்திருக்கும் மாப்ள.”

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நேற்று வந்த தாரிணி என்னிடம் பேசவில்லை. இன்று காலை, “அந்த வண்டிய ஓட்டிப் பாக்கோணும்” என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். எல்லாரும் ஓடுபாதைக்குப் போனோம். கூட்டம் இல்லை, மைக் இல்லை. எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

கோலமாவுச் சம்படத்தை அவளே வாங்கிக்கொண்டாள். அவளே மூன்று கோடும் இழுத்தாள். நான் பக்கத்தில் போனேன்.

“நீங்க அங்கயே நில்லுங்க” என்றாள்.

அங்கேயே நின்றேன்.

முதலில் கோடுகளைத் தொடாமல் ஓரமாக மெதுவாக ஓட்டினாள். பிறகு கொஞ்சம் கூட்டினாள். அதன் பிறகு பாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி, முழுதாக விட்டாள். வண்டி என்னைக் கடந்தபோது சுலோசனா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் வண்டியைப் பார்க்கவில்லை. மூன்றாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்? வெள்ளையாக ஏதோ கிளம்பி அடங்கியது.

ஓரமாகத் திரும்பி வந்து இறங்கியவள் நேரே மூன்றாவது கோட்டுக்கு நடந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போனேன். கோட்டை மிதிக்காமல் தள்ளி நின்றேன்.

“எத்தன?”

தெரிந்ததுதான். விரலைக் காட்டினேன்.

“வாய்ல சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்கற மாதிரி.”

“நாலு” என்றேன், சத்தமாக. “நாலும் அழுத்தமா இருக்குது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

“ஸ்டீயரிங் கல்லாட்டம் இருக்குது. கை வலிக்குது” என்றாள். “வண்டியில தண்ணி இருக்குது மாமா, எடுத்துட்டு வாங்க.”

ஓடிப்போய் எடுத்து வந்தேன்.